வழிநிற்றலின் பெருமை

சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்திலே வடிவாம்பிகையோடு எழுந்தருளியிருக்கும் முன்னைநாதப் பெருமானுக்கு ஆவணியில் நடைபெறும் மகோற்சவத்திலாயினும், அங்கிருந்து வடக்கே கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் அமைந்த உடப்புக் கிராமத்திலே பார்த்தசாரதிப் பெருமாளும் திரௌபதையம்மனும் ஒருங்கே வீற்றிருக்கும் ஆலயத்தில் ஆடி மாதத்தை ஒட்டி நிகழும் தீமிதிப்பு விழாவிலாயினும், சுவாமி வீதிக்கு எழுந்தருளும் வேளையில் அடியார்களின் செவியை முதலில் வந்து அடைவது மேளத்தின் ஓசையே. நாதஸ்வரம் வாசிப்பவர் எந்த ஊர் வித்துவான் என்று விசாரிப்பார்கள்; தவில் யாருடையது என்றும் கேட்பார்கள். அவர்களுக்கு ஓரடி பின்னால் நின்று, ஒரே ஸ்வரத்தை இடையறாமல் பிடித்துக்கொண்டு ஒத்து ஊதுபவர் யார் என்றோ, கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை காலப்பிரமாணம் பிசகாமல் தாளம் தட்டிவருபவர் யார் என்றோ விசாரிப்பவர் மிகச் சிலர்.

அப்படி விசாரியாமல் விட்டதோடு நாம் நின்றுவிடவில்லை. தனக்கெனக் கருத்தின்றிப் பிறர் சொல்வதை ஆமோதிப்பவனை 'ஒத்து ஊதுகிறான்' என்கிறோம். வல்லவர் ஒருவரைச் சார்ந்து பேசுபவனைப் 'பின்பாட்டுப் பாடுகிறான்' என்கிறோம். முகஸ்துதி செய்பவனைத் 'தாளம் போடுகிறான்' என்கிறோம். இன்னும் இழிவாகச் சொல்ல வேண்டுமானால் 'ஜால்ரா' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஒருவருடைய கானத்துக்குத் துணைநிற்பதற்கென்று தமிழில் வழங்கிவந்த தொழிற்பெயர்கள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக வசைச்சொற்களாக மாறிய இந்த விபரீதம் ஆராயத்தக்கது. ஏனெனில், ஒருவரைப் பின்பற்றி வாசிப்பவர் அந்த ஒருவரினும் குறைந்தவர் என்ற தீர்மானம் அச்சொற்களுக்குள்ளே மறைந்து கிடக்கிறது. மனிதர் கூடிய சபையில் அத்தீர்மானம் செல்லுபடியாகலாம். ஈசனுடைய சந்நிதியிலும் அது செல்லுமா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

முதலில் ஒத்துக்காரருடைய தொழிலை உற்று நோக்குவோம். அவர் கையிலிருக்கும் குழல் நாதஸ்வரத்தைப் போன்றதே. ஆனால் அதிலிருந்து அவர் எழுப்புவது ஆதார ஷட்ஜம் ஒன்றையே. உள்மூச்சு வாங்கும் கணத்திலும் ஓசை அறுபடாதபடி கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்து, இராக ஆலாபனை மணிக்கணக்காக விரிந்தாலும் அந்த ஒரு ஸ்வரத்தை விட்டு அவர் விலகுவதில்லை. நாதஸ்வர வித்துவான் எத்தனை தூரம் சஞ்சரித்தாலும் மீண்டு வந்து சேர வேண்டிய இடம் அதுவே. அவ்விடம் அசைந்துவிட்டால் அவருடைய வித்தை முழுவதும் நிலைகுலைந்து போகும். சாணமிட்டு மெழுகிய தரை கோலத்துக்கு எவ்வாறோ, அவ்வாறே ஒத்து இராகத்துக்கு. சுருதியைத் தாயென்றும் லயத்தைத் தந்தையென்றும் நம் முன்னோர் வகுத்துக் கூறினர். அவ்விரண்டையும் மேளத்திலே பேணிக் காப்பவர்கள் ஒத்துக்காரரும் தாளக்காரருமே என்பதை நினைக்கும்போது, தாயையும் தந்தையையும் பெயரறியாமல் நிறுத்திவிட்டுப் பிள்ளைக்கு மாத்திரம் மாலை சூட்டும் நமது வழக்கத்தின் பிழை தானே விளங்கும்.

பழந்தமிழ் மரபு இப்பிழையைச் செய்யவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியினுடைய ஆடலுக்கு இசைக்கருவிகள் அணிவகுக்கும் முறையை இளங்கோவடிகள் விவரிக்கும்போது, குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் பின்னே முழவும் நின்றன என்றும், முழவோடு கூடி ஆமந்திரிகை இசைத்தது என்றும் ஒரு சங்கிலியாகக் கோத்துக் காட்டுகிறார். அந்தச் சங்கிலியில் தனித்து நிற்பது என்று ஒன்றுமில்லை. ஒவ்வொன்றும் முன்னதன் வழியில் நிற்கிறது, பின்னதற்கு வழியாகிறது. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரமோ, பாட்டுக்கு வீணை துணைநிற்கும் முறைகளைத் தத்துவம், அனுகதம், ஓகம் என மூன்றாக வகுத்துள்ளது. பாட்டின் சொல்லோடும் தாளத்தோடும் லயத்தோடும் ஒன்றி ஒலிப்பது முதலாவது. பாட்டைத் தொடர்ந்து செல்வது இரண்டாவது. பாட்டின் எல்லைக்குள் அடங்காமல் வெள்ளமெனப் பெருகுவது மூன்றாவது. துணைநிற்றல் என்பது ஒரே விதமான அடங்கிப்போதல் அன்று என்பதையும், எங்கே ஒன்றுவது, எங்கே தொடர்வது, எங்கே பெருகுவது என்று பகுத்தறியும் விவேகமே அதன் உயிர்நிலை என்பதையும் இப்பாகுபாடு நமக்கு உணர்த்துகிறது.

ஆயினும் இது சங்கீத சாஸ்திரத்தோடு முடிந்துவிடும் விஷயமன்று. இதன் சமயப் பொருளை அறிய விரும்புவோர் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனாருடைய சரித்திரத்தையே நாட வேண்டும். அறுபத்துமூவரில் பதிகம் பாடிப் புகழ்பெற்றவர் உளர், அரசாண்டவர் உளர், கண்ணையே பெயர்த்து அப்பியவரும் உளர். யாழ்ப்பாணரோ திருஞானசம்பந்தருடைய பதிகங்களை யாழில் இட்டு வாசித்துக்கொண்டு அவருடன் தலந்தோறும் சென்றவர். அந்த உடன்செல்லுதலே அவருடைய தொண்டு. அதற்காகவே அவரும் நாயன்மாருள் ஒருவராக எண்ணப்பட்டார். பக்கவாத்தியம் வாசித்த ஒருவரை மூலவருக்கு அருகே வரிசையில் நிறுத்திப் பூசை செய்யும் ஒரு சமயத்தைச் சார்ந்தவர்கள் நாம் என்பதை மறக்கலாகாது.

அச்சரித்திரத்தைச் சேக்கிழார் விரித்துரைக்கும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. பாணர் குலத்தவராகையால் ஆலயத்துக்கு வெளியே நின்று பாடும் வழக்கமுடைய அவரை மதுரையில் சோமசுந்தரக் கடவுள் தம் தொண்டர்களின் கனவிலே தோன்றி உள்ளே அழைத்துவரச் செய்தார். தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்பு கெடும் என்று கருதிப் பொற்பலகை இடுவித்தார். திருவாரூரிலோ அவர் உட்புகுவதற்கென்று வடதிசையிலே வேறொரு வாயில் திறக்கப்பட்டது. பின்னர்த் திருச்சாத்தமங்கையிலே, அந்தணராகிய திருநீலநக்கருடைய இல்லத்தில் சம்பந்தர் தங்கிய இரவில், யாழ்ப்பாணரும் அவர் மனைவியார் மதங்கசூளாமணியாரும் தங்குவதற்கு இடம் தருமாறு கேட்கப்பட்டபோது, நீலநக்கர் வேதியிலே தீ வளர்க்கும் இடத்தின் அருகிலேயே அவர்களுக்கு இடம் அமைத்துக் கொடுக்க, அவியாத அந்த அக்கினி வலஞ்சுழித்து ஓங்கி எழுந்தது என்று புராணம் கூறுகிறது. வெளியே நிறுத்தியவர்கள் மனிதர்கள், உள்ளே அழைத்தவர் இறைவர், வரவேற்றது வேள்வித்தீ. தாரதம்மியம் யாரால் உண்டாயிற்று என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை.

இச்சரித்திரத்தின் சிகரம் தருமபுரத்தில் நிகழ்ந்தது. அது யாழ்ப்பாணரைப் பெற்ற தாயாருடைய ஊர். அங்கிருந்த சுற்றத்தார், சம்பந்தருடைய பதிகங்களை அவர் யாழிலிட்டு வாசிப்பதனாலேயே அவற்றின் இசை உலகெங்கும் பரவுகின்றது என்று புகழ்ந்துரைத்தார்கள். அப்புகழைக் கேட்டு மகிழாமல் மனம் நடுங்கிய பாணர், யாழுக்குள் அடங்காத பதிகம் ஒன்றை அருள வேண்டுமென்று சம்பந்தரையே வேண்டினார். சம்பந்தரும் அவ்வாறே பாடியருள, அது யாழின் நரம்பிலே அகப்படாமற் போகவே, 'இக்கருவியைத் தொட்டதனால் அல்லவா இப்பழி வந்தது' என்று அவர் யாழை உடைப்பதற்கு ஓங்கினார். சம்பந்தர் அதைத் தடுத்து யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, இறைவனுடைய பெருமையெல்லாம் ஒரு கருவிக்குள் அடங்குமோ என்று தேற்றி, அடங்கிய அளவில் முன்போலவே வாசிக்கும்படி திரும்பக் கொடுத்தார். யாழ்முரி என்ற பண்ணின் பெயருக்கு இந்நிகழ்ச்சியே காரணம் என்பது மரபு.

துணைநிற்போர்க்கும் தலைமை தாங்குவோர்க்கும் இந்நிகழ்ச்சி ஒருங்கே உபதேசமாகிறது. தம்மால்தான் பாட்டு வாழ்கிறது என்ற புகழைத் துணைநிற்பவர் ஏற்கலாகாது என்று பாணர் நமக்குக் காட்டினார். துணைநிற்பவர் தோற்ற இடத்தில் அவரை எள்ளாமல், தோல்வி கருவிக்கே உரியது, தொண்டுக்கு உரியதன்று என்று கூறி, யாழைத் தம் கையாலேயே மீட்டுக் கொடுப்பது தலைவருடைய கடமை என்று சம்பந்தர் காட்டினார். அதற்கும் மேலாக ஓர் உண்மை இதிலே பொதிந்துள்ளது. யாழில் அடங்காத பொருள் சம்பந்தருடைய மிடற்றிலே மாத்திரம் அடங்கிவிடுமா? அடங்காதென்றே அவருடைய சொற்கள் தெரிவிக்கின்றன. பாடுபவரும் தமக்கு மேலான ஒன்றைப் பின்தொடர்பவரே. ஆகையால் அந்தச் சபையிலே பக்கவாத்தியம் அல்லாதவர் ஒருவரும் இலர்.

காலம் இதற்கு மற்றொரு சான்றையும் அளித்தது. தேவார ஏடுகள் தில்லையில் கண்டெடுக்கப்பட்டபோது அவற்றின் பண்முறை மறைந்திருந்தது என்றும், திருவெருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணருடைய மரபிலே வந்த ஒரு பெண்மணியே அப்பண்களை அடைவுபடுத்திக் கொடுத்தார் என்றும் திருமுறை கண்ட வரலாறு கூறுகிறது. சொற்களை ஏடு காத்தது. இசையைக் காத்தது பக்கத்தில் அமர்ந்து வாசித்தவருடைய குலம். நாம் இன்று முன்னேஸ்வரத்து வசந்த மண்டபத்திலே நின்று தேவாரம் கேட்கிறோமென்றால், அதிலே அந்தப் பெண்மணியின் கொடையும் கலந்திருக்கிறது.

வைஷ்ணவ சித்தாந்தம் இதே உண்மையைத் தத்துவமாகவே நிலைநாட்டியது. ஸ்ரீராமானுஜர் தமது வேதார்த்த சங்கிரகத்திலே, மற்றொன்றுக்கு அதிசயத்தை விளைவிப்பதையே தன் ஸ்வரூபமாகக் கொண்டது எதுவோ அதுவே சேஷம் என்றும், அந்த அதிசயத்தைப் பெறுவது சேஷி என்றும் இலக்கணம் வகுத்தார். ஜீவன் பகவானுக்குச் சேஷம். இதனால் ஜீவனுக்குக் குறை ஒன்றும் நேர்வதில்லை. தன் இயல்பை அடைவதனால் வரும் பேரானந்தமே நேர்கிறது. நடந்தால் குடையாகவும் இருந்தால் ஆசனமாகவும் நின்றால் பாதுகையாகவும் பணிசெய்யும் ஆதிசேஷனையே வைஷ்ணவ ஆசாரியர்கள் இதற்கு உதாரணமாகக் கொண்டார்கள். பிறர் சிறக்கும்படி வாசிப்பது என்பது வாத்தியக்காரர்களுடைய வழக்குமொழி; அதுவே வேதாந்தத்தின் முடிந்த பொருளாகவும் இருப்பது யதேச்சையாக நேர்ந்ததன்று.

இதனையும் கடந்த ஓர் ஆச்சரியம் உடப்பின் சந்நிதியிலே மூர்த்தியாக நிற்கிறது. அங்கே ருக்மணி சத்தியபாமா சமேதராக எழுந்தருளியிருப்பவர் பார்த்தசாரதி, பார்த்தனுக்குத் தேரோட்டியவர். இராமேஸ்வரக் கரையோடு பண்டைத் தொடர்புடைய அக்கடற்றொழிலாளர் சமூகம், பாரதக் கதையைக் கேட்டு, திரௌபதையை அன்னையாக வணங்கி, தீயிலே இறங்கும் ஆலயத்தில், சகல லோக நாயகன் வேறு எந்தக் கோலத்திலும் நில்லாமல் சாரதியின் பெயரையே தாங்கி நிற்கிறான். கீதையின் முதல் அத்தியாயத்திலே இரு சேனைகளுக்கும் நடுவே தேரை நிறுத்துமாறு அர்ச்சுனன் ஏவுகிறான். பகவான் அவ்வாறே நிறுத்துகிறான். உபதேசம் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. வில்லேந்தியவனுடைய பெயர் முழங்க, கடிவாளம் பிடித்தவனாக இருக்க இசைந்தவன் ஈசுவரன் என்றால், துணைநிற்றல் தாழ்ந்தவர்க்கு விதித்த வேலை என்று கூறுவதற்கு நமக்கு எவ்வித ஆதாரமும் இல்லை. சைவ மரபிலும் இது இவ்வாறே: நடராஜ மூர்த்தியின் ஆனந்தத் தாண்டவத்துக்குத் திருமால் மத்தளம் முழக்க, நான்முகன் தாளம் இட, நந்தி பணிபுரிய, காரைக்கால் அம்மையார் திருவடிக் கீழிருந்து பாடுகிறார். தேவர்களுக்கு வாய்த்த பதவி அங்கே பக்கவாத்தியப் பதவியே.

இத்தத்துவத்தை நூல்களைக் கொண்டு மாத்திரம் அறிய வேண்டிய நிலையும் இக்கரையிலே இல்லை. உடப்பின் கடற்கரையில் கரைவலை இழுக்கும் மக்கள் பாடிவந்த அம்பாப் பாடல்களைக் கேட்டவர்கள் அதன் அமைப்பை அறிவார்கள். ஒருவன் அடியெடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்த மற்றவர்கள் ஒருமித்துப் பதில் கொடுக்கிறார்கள். அந்தப் பதிலின் வேகத்திலேதான் வலையின் மடி கரையை நோக்கி நகர்கிறது. அடியெடுப்பவனுடைய குரல் எவ்வளவு இனிமையாயினும் பின்பாட்டு எழாவிடில் வலை அசையாது; பின்பாட்டு ஒழுங்கின்றி எழுந்தால் இழுப்பு சிதறும். முன்பாடுபவனும் கயிற்றைப் பிடித்தவனே. பின்பாடுபவனும் கடலோடு பொருதுபவனே. உழவு இயந்திரத்தைக் கொண்டு வலை இழுக்கும் வழக்கம் பரவிய இடங்களில் அம்பா மறைந்து வருவது, ஒரு பாட்டு வகையின் மறைவாக மாத்திரம் எண்ணத்தக்கதன்று. பலர் ஒருவராகி நிற்கும் ஓர் அப்பியாசமே நம்மை விட்டு நீங்குகிறது.

புத்தளம் நகருக்கு அண்மையில் சிறாம்பியடியிலே வாழும் ஆபிரிக்க வம்சாவளியினர், போர்த்துக்கேயக் கிரியோல் மொழியிலே பாடிவரும் மஞ்ஞா இசையிலும் இந்த உண்மையே வேறொரு வடிவத்தில் விளங்குகிறது. தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் போத்தலுமே வாத்தியங்களாக, சில சொற்களே மீண்டும் மீண்டும் வர, மெல்லத் தொடங்கிய தாளம் படிப்படியாக விரைவடைந்து, அங்கிருக்கும் சிறுவரையும் முதியவரையும் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. அடிமைகளாகவும் போர்வீரர்களாகவும் அந்நியர்களால் கொண்டுவரப்பட்ட முன்னோரின் நினைவை அம்மக்கள் இத்தனை தலைமுறையாகக் காத்துவந்தது தனி வித்துவான் ஒருவருடைய கீர்த்தியினால் அன்று. யாவரும் யாவர்க்கும் தாளம் போடுகிறார்கள் என்பதனாலேயே.

இங்கு ஒரு நியாயமான ஆட்சேபம் எழக்கூடும். பின்னிற்றலைத் தெய்விகம் என்று புகழ்வது, பின்னால் நிறுத்தப்பட்டவர்களை அங்கேயே நிறுத்தி வைப்பதற்கு ஒரு தந்திரமாகிவிடாதா? அவ்வாறு ஆனதுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆலயத்துக்கு மங்களம் சேர்த்த மேளகாரர் வெற்றுடம்போடு நின்றுகொண்டே வாசிக்க, கேட்பவர்கள் ஆசனத்தில் அமர்ந்திருந்த காலம் நெடுங்காலம். அந்நிலையை எதிர்த்து, நாதஸ்வரக் கலைஞர்க்கும் மேடையும் மதிப்பும் உண்டென்று திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை போராட வேண்டியிருந்தது. சென்னை சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதி விருது மிருதங்கத்துக்கு முதன்முதலாக 1966ஆம் ஆண்டிலே பாலக்காடு மணி ஐயர் மூலமாகவே கிடைத்தது. ஈழத்திலே தவிலைத் தனிப்பெரும் கலையாக உலகம் வியக்கும்படி உயர்த்திய யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவருடைய வாசிப்பைக் கேட்டவர்கள் தவிலைப் 'பக்கம்' என்று சொல்ல நாணினார்கள்.

ஆட்சேபத்துக்கு விடை சேஷத்துவத்தின் இலக்கணத்திலேயே உள்ளது. சேஷி பகவான் ஒருவனே. மனிதன் மற்றொரு மனிதனுக்குச் சேஷியாக முடியாது. ஆதலால் விரும்பி ஏற்கும் வழிநிற்றல் வேறு, பிறப்பையோ வறுமையையோ காரணம் காட்டி ஒருவர்மேல் சுமத்தப்படும் பின்னிற்றல் வேறு. முன்னது பக்தி, பின்னது அநீதி. பின்பாட்டுப் பாடுபவரை மதிக்காத தலைவர், தாமும் ஒரு பின்பாட்டுக்காரர் என்பதை மறந்தவர். அம்மறதிக்கே நம் நூல்கள் அகங்காரம் என்று பெயரிட்டன. ஒத்து ஊதுபவரைச் சாக்காக வைத்து முகஸ்துதிக்காரனை ஏசும் நமது வழக்கும் அந்த அகங்காரத்தின் கிளையே. முகஸ்துதிக்காரன் தன் இலாபத்துக்காக ஆமென்கிறான். ஒத்துக்காரரோ தமக்கென்று ஒரு ஸ்வரமும் வேண்டாமல் மற்றவருடைய ஸ்வரங்களுக்கெல்லாம் நிலம் தருகிறார். இவ்விருவருக்கும் ஒப்புமை இல்லை.

இன்று ஒத்தினுடைய இடத்தை மின்சாரச் சுருதிப்பெட்டி பெரும்பாலும் கைப்பற்றிக்கொண்டது. பெட்டி பிழையின்றி ஒலிக்கும். ஆனால் அது வித்துவானைக் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டே நிற்கும் ஓர் ஆத்மா பக்கத்தில் இருப்பதனால் பாட்டுக்கு விளையும் பலத்தை இயந்திரம் தராது. வழிநிற்றல் என்பதன் சாரம் கேட்டல்; கேட்டல் நம் சமயங்கள் யாவற்றிலும் முதற்படி.

ஆகவே முன்னேஸ்வரம் தொடங்கிக் கற்பிட்டிவரை இக்கரையில் உள்ள ஆலய பரிபாலகர்களுக்கும் உபயகாரர்களுக்கும் விண்ணப்பிப்பது இதுவே: உற்சவ அழைப்பிதழில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பெயர் அச்சிடுவதுபோல ஒத்துக்கும் தாளத்துக்கும் பெயர் அச்சிடுங்கள், காளாஞ்சி வழங்கும்போது அவர்களையும் பெயர் சொல்லி அழையுங்கள், சன்மானத்தில் அவர்களுக்குரிய பங்கு அவர்கள் கையிலேயே சேரும்படி செய்யுங்கள், வயது முதிர்ந்த ஒத்துக்காரர் ஒருவர் உங்கள் ஊரில் எஞ்சியிருந்தால், சுருதிப்பெட்டியை ஒரு நாளாவது நிறுத்திவிட்டு அவரை ஊதச் சொல்லி, இளையவன் ஒருவனை அவர் அருகில் நிறுத்திப் பழக்குங்கள். சாரதியாய் நின்ற பெருமானைத் தொழுபவர்களுக்கு இது உபகாரமன்று, கடமை.